சோபா, நாற்காலி மக்கர் செய்தால்: துணி வாங்குவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்

"தம்பி, சோபாவுக்குத் துணி மாத்தணும். எத்தனை மீட்டர் வாங்கட்டும்?" சித்தி போனில் இப்படிக் கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "முதல்ல சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சித்தி." சொந்தக்காரர் வீட்டுச் சோபாக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்ற பாடம் இது. கண்ணில் படுவது துணி என்பதால் பழி அதன் தலையில் விழுகிறது. பிரித்துப் பார்த்தால் கோளாறு மெத்தையைத் தாங்கும் எலாஸ்டிக் பட்டையிலோ ஸ்பிரிங்கிலோ மூட்டிலோ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் துணியை மட்டும் மாற்றினால் தீபாவளிக்குப் போட்ட புதுத்துணியில் பொங்கலுக்குள் பழைய குழி வந்துவிடும்.

உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத வேலையை முதலிலும் பணம் விழுங்குகிற வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: சப்பைத் திருப்புளி, குறடு, சுத்தியல், டார்ச், முகக்கவசம். கவசத்தை விட்டுவிடாதீர்கள், உள்ளே பல வருஷத் தூசி இருக்கும். கவிழ்த்ததும் அடியில் ஒரு கறுப்புத் துணியை ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருப்பது தெரியும். முழுக்கக் கிழிக்காமல் ஒரு பக்கத்துப் பின்களை மட்டும் நெம்பி எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

## உட்கார்ந்தால் குழி விழுகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். மெத்தை தனியாகக் கழன்று வருமா என்று முதலில் பாருங்கள்.

கழன்று வரும் என்றால், அதை எடுத்துத் தரையில் போட்டு உட்காருங்கள். தரை தட்டினால் ஃபோம் போய்விட்டது. தரையில் நன்றாக இருந்து, சோபாவில் வைத்தால் மட்டும் அமுங்குகிறது என்றால் ஃபோமைத் தொடாதீர்கள், கோளாறு அடியில் இருக்கிறது.

மெத்தை சட்டத்தோடு சேர்த்து அடித்தது என்றால், கவிழ்த்து அடித்துணிக்குள் பாருங்கள். பட்டையோ ஸ்பிரிங்கோ விறைப்பாக, ஒரே மட்டத்தில் இருந்தால் ஃபோம்மேல் சந்தேகப்படலாம்.

### ஃபோம்தான் என்றால்

காசில்லாத வழி, இடம் மாற்றுவது. டிவிக்கு நேராக இருக்கும் மெத்தைதான் எல்லா வீட்டிலும் முதலில் சாகும். அதை யாரும் உட்காராத ஓரத்துக்குத் தள்ளி, மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள்.

கொஞ்சமாகத்தான் தொய்ந்திருக்கிறது, உறை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது என்றால், ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒரு சுற்று சுற்றி உறையை மாட்டுங்கள். உருண்டு திரண்டு புதுசு போல ஆகிவிடும். குழி விழுந்த ஃபோமுக்கு மட்டும் இது உதவாது.

அப்புறம்தான் புது ஃபோம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். தினமும் உட்காரும் இடத்துக்கு 32க்குக் கீழே இறங்காதீர்கள், சாய்மானத்துக்கு அதைவிட லேசானது போதும். கடைக்காரர் சொல்வது நிஜமா என்பதைத் தராசு சொல்லிவிடும். 24 அங்குலத்துக்கு 24 அங்குலம், 4 அங்குல கனமுள்ள துண்டு 32 டென்சிட்டி என்றால் ஏறத்தாழ 1.2 கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் 1.5 கிலோ. 900 கிராம் காட்டினால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். டென்சிட்டி வேறு, கடினம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். 40 டென்சிட்டியிலும் மெத்தென்று இருப்பது உண்டு. அதனால் எடை பார்த்த பிறகு ஒருமுறை உட்கார்ந்தும் பாருங்கள்.

வெட்டும்போது உறையின் அளவைவிட அரை அங்குலம் கூட விடுங்கள். உறை 24 என்றால் ஃபோம் 24½. சரியாக 24 வெட்டினால் மூலைகள் காலியாகத் தொங்கும். முதல் தடவை நான் செய்த தப்பு அது. மிச்சத் துணியைச் சுருட்டி நாலு மூலையிலும் திணித்துச் சமாளித்தேன்.

இரண்டு துண்டு ஃபோமை ஒட்ட வேண்டியிருந்தால் ரப்பர் பசை வாங்குங்கள் (ஃபெவிக்கால் எஸ்.ஆர். வகை), மர வேலைக்கான வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் சேர்த்து அழுத்துங்கள். உட்காரும் மேல்பரப்பில் தடவினால் காய்ந்து அப்பளம் மாதிரி மொறுமொறுக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் ஊதுவத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம், இந்தப் பசையின் ஆவி தீப்பற்றும்.

### பட்டை தொய்ந்திருக்கிறது

எலாஸ்டிக் பட்டையை விரலால் சுண்டிப் பாருங்கள். விறைப்பாக எதிர்க்க வேண்டும். தாம்புக்கயிறு மாதிரி தொங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. பின் மட்டும் பிடுங்கிக்கொண்டு பட்டை நன்றாக இருந்தால், நுனியை மடித்துப் பக்கத்தில் புது இடத்தில் அடித்தால் போதும், செலவே இல்லை.

மாற்றுவதென்றால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாதீர்கள். புதுசுக்கும் பழசுக்கும் விறைப்பு ஒத்துப்போகாமல் மெத்தை ஒரு பக்கம் சாயும். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு அடி நீளத்துக்குச் சுமார் ஓரங்குலம் இழுத்துப் பிடித்து அடித்து, நுனியை மடித்து அதன்மேல் இன்னொரு வரிசை பின் போட வேண்டும். முன்பின்னாக எல்லாம் அடித்த பிறகு குறுக்குப் பட்டைகளைக் கட்டில் நாடா பின்னுவது போல மேலும் கீழுமாக விட்டு எடுங்கள். கட்டில் பின்னத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் உங்களைவிட அவர் நன்றாகச் செய்வார்.

மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகையைச் செருகுவது ஊரறிந்த வைத்தியம். குஷன் வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் முழங்கால் வலியோடு எழுந்திருக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அந்தக் கெட்டியான இருக்கைதான் வசதி என்பதால் நான் அதைக் கிண்டல் செய்வதில்லை. பலகையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறையைக் கிழிக்கும்.

### ஸ்பிரிங் கழன்றிருக்கிறது

பாம்பு போல வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் என்றால், இரண்டு முனையிலும் சட்டத்தில் அடித்த கிளிப்பில் அது மாட்டியிருக்கும். பெரும்பாலும் ஒரு முனை கழன்று தொங்கும், அவ்வளவுதான். கெட்டியான கயிற்றை முனையில் கொக்கி போலப் போட்டு இழுத்து மாட்டலாம். கை நழுவினால் முகத்தில் அடிக்கும் என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளிப்பின் ஆணித் துளை பெரிதாகியிருந்தால் அதே துளையில் அடிக்காமல் அரை அங்குலம் தள்ளி அடியுங்கள்.

பழைய காலத்துச் சுருள் ஸ்பிரிங், சணல் கயிற்றால் எட்டுத் திசையிலும் கட்டியது என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கயிறு அறுந்தால் மற்றவையும் அறுகிற வயதில்தான் இருக்கும். அந்தக் கட்டு தெரிந்த குஷன்காரரிடம் கொடுங்கள். புதிதாகப் பழகுகிறவர் கை அதில் எளிதில் படியாது.

ஸ்பிரிங் மாட்டிய குறுக்குச் சட்டமே விரிந்திருந்தாலோ ஒடிந்திருந்தாலோ தச்சரைக் கூப்பிடுங்கள்.

## உட்காரும்போது கிரீச் என்கிறது

ஒருவரை உட்கார வைத்து, தரையில் படுத்துக் காதைக் கொடுங்கள். இரும்பு உரசும் சத்தம் என்றால் ஸ்பிரிங் கிளிப். கிளிப்புக்குள் இருந்த பிளாஸ்டிக் தேய்ந்திருக்கும், அங்கே ஒரு துண்டு ரெக்ஸினை மடித்துச் செருகினால் சத்தம் நின்றுவிடும். எண்ணெய் விடாதீர்கள், ஃபோமிலும் துணியிலும் ஊறிக் கறையாகும்.

மரம் முனகும் சத்தம் என்றால் கால் திருகுகளை முறுக்கிப் பாருங்கள். நீளச் சோபாவில் நடுக்கால் தரையைத் தொடுகிறதா என்று அதன் அடியில் ஒரு தாளை விட்டுப் பார்க்கலாம். தாள் தாராளமாகப் போய் வந்தால் கால் அந்தரத்தில் நிற்கிறது, ரப்பர் துண்டு வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## நாற்காலி ஆடுகிறது

தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். பழைய தேக்கு நாற்காலிகளைக் கொல்வது கறையானைவிட இந்த ஆணிதான். மூட்டு பிளந்துவிட்டால் தச்சருக்கும் வேலை இரட்டிப்பு.

ஆடும் மூட்டை மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். பழைய பசை கண்ணாடி போலக் காய்ந்திருக்கும். அதன்மேல் புதுப் பசை பிடிக்காது, மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பிறகு மரப்பசை தடவிச் செருகி, நாலு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். குச்சியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தண்டவாளம் மாதிரி நிற்கும்.

முளை (துளைக்குள் செருகும் மர நுனி) தளர்வாக இருந்தால் மெல்லிய மரச் சீவலைச் சுற்றிச் செருகலாம். முளை ஒடிந்திருந்தால் தச்சர்தான்.

## மேல்தோல் உரிகிறது, பிசுபிசுக்கிறது

வெயிலில் உரிந்த தோல் மாதிரி மேலேடு செதில் செதிலாக வந்து, உள்ளே துணி தெரிந்தால் அது பி.யு. லெதர் என்கிற செயற்கைத் தோல். இதற்கு மருந்தில்லை. ஒட்டினாலும் சாயம் பூசினாலும் பக்கத்தில் உரியும். கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். விரிப்பு போட்டு மறைப்பது மலிவு, உட்காரும் பகுதியை மட்டும் மாற்றுவது நடுத்தரம், முழுசையும் மாற்றுவது செலவு. பகுதியை மட்டும் மாற்றுவதாக இருந்தால் அதே நிறத்தைத் தேடி அலையாமல், துணிந்து வேறு நிறத்தில் போடுங்கள். கிட்டத்தட்ட அதே நிறம்தான் பார்க்க அசிங்கம்.

அட்டை போல விறைத்து, மடிப்பில் வெடித்தால் அது ரெக்ஸின். சின்ன வெடிப்புக்கு அடியில் துணித் துண்டை விட்டு ரப்பர் பசையில் ஒட்டலாம். மடிப்பில் விழுந்த வெடிப்பு நீளும், மாற்றத்தான் வேண்டும்.

தலை சாய்க்கும் இடம் மட்டும் பிசுபிசுக்கிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய். நம் வீடுகளில் இது தவிர்க்க முடியாதது, ஒரு துண்டை விரித்துவிட வேண்டியதுதான். ஆங்கிலேயர்களும் 19ஆம் நூற்றாண்டில் இதே பாடு பட்டவர்கள். மக்காசர் எண்ணெய் தேய்த்த தலைகளிடமிருந்து நாற்காலியைக் காக்க விரித்த துணிக்கு 'ஆன்டிமக்காசர்' என்றே பெயர் வைத்தார்கள்.

## புதுத்துணி சுருங்குகிறது, கோணுகிறது

இது நீங்களே வேலையைத் தொடங்கிய பிறகு வரும் கோளாறு.

இருக்கையில் அலை அலையாகச் சுருக்கம். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் பின் அடித்துக்கொண்டே போயிருப்பீர்கள். எல்லாவற்றையும் பிடுங்குங்கள். முன்பக்க நடுவில் ஒரு பின், எதிரே பின்பக்க நடுவில் இழுத்து ஒரு பின், அதே போல இடம், வலம். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிராக மாறி மாறிப் போங்கள். மூலை கடைசி. முதல் சுற்றில் பின்களைப் பாதி மட்டும் இறக்கினால் திருத்துவது சுலபம்.

கோடு போட்ட துணி சாய்ந்து நிற்கிறது. இழை நேராக இல்லை. நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் துணியிலும் சட்டத்திலும் குறித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒரே தானில் வெட்டியும் இரண்டு நிறமாகத் தெரிகிறது. வெல்வெட் வகைத் துணி. கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் தடுக்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும்: சாய்மானத்தில் கீழ்நோக்கி, இருக்கையில் முன்நோக்கி வழுக்கட்டும். வெட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் வழியில்லை, துணி வாங்கத்தான் வேண்டும்.

துவைத்த உறை திரும்ப ஏறவில்லை. பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டியதன் பலன். தையலுக்கு உள்ளே விட்ட துணி மிச்சம் இருந்தால் பிரித்துத் தைக்கலாம். இல்லையென்றால் ஃபோமைத்தான் செதுக்க வேண்டும்.

பின் உள்ளே இறங்காமல் வளைகிறது. தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்தில் கையால் அழுத்தும் ஸ்டேப்ளருக்கு வலு போதாது. நீளப் பின்னை விட்டுவிட்டு 6 மி.மீ. போடுங்கள், ஸ்டேப்ளரின் தலையை இன்னொரு கையால் அழுத்திப் பிடியுங்கள், துருத்தி நிற்பதைச் சுத்தியலால் தட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பழைய முறையில் சிறு முள்ளாணி. பிளைவுட் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

தையல் மிஷின் ரெக்ஸினில் நகரவில்லை. அடியிலும் மேலும் மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். ஊசி 16 அல்லது 18, தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் அஞ்சல் தலை போல ஓட்டை வழியே கிழியும். குண்டூசி குத்தினால் அந்தத் துளையும் நிரந்தரம், துணிக் கிளிப் மாட்டுங்கள். மூன்று நான்கு மடிப்பு சேரும் இடத்தில் வீட்டு மிஷின் திணறினால் அதை வதைக்காமல், வெட்டிய துண்டுகளைக் கார் சீட் தைக்கும் கடையில் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். செலவு குறைவு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணிக் கணக்கு கேட்பவர்களுக்கு: சோபாத் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலம். 24க்கு 24, 4 அங்குல கனமுள்ள மெத்தை உறை ஒன்றுக்குப் பக்கப்பட்டியோடு சேர்த்து ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பூ வேலை பொருந்த வேண்டும் என்றால் அதற்கு மேல். சட்டத்தில் அடித்த துணியைக் கழற்றும்போது கிழிக்காதீர்கள், அதுதான் உங்கள் அளவுத்துண்டு. அடித்துணி, பின்முதுகு, வெளிக்கை, உள்முதுகு, உள்கை, கடைசியில் இருக்கை என்ற வரிசையில் கழற்றி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, போட்டோ எடுங்கள். மாட்டும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

## பிரம்பு தொய்கிறது, அறுகிறது

அறாமல் தொய்ந்திருக்கிறது என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, சுடுநீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். மேல்பக்கம் பளபளப்பாக இருப்பதால் நீர் குடிக்காது. நிழலில் ஒரு நாள் காயவிட்டால் இழுத்துக்கொள்ளும். காய்வதற்குள் யாராவது உட்கார்ந்தால் எல்லாம் பாழ், குறுக்கே ஒரு கயிறு கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பிரம்பில் இது பலிக்காது.

நடுவில் ஓரிரு இழை அறுந்திருந்தால் ஊறவைத்த பிரம்பு இழையைப் பக்கத்து இழைகளுக்கு ஊடாக விட்டு முடியலாம். ஓரத்துத் துளை வரிசையில் அறத் தொடங்கியிருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முழுக்கப் பின்னக் கொடுங்கள். கண்ணால் பார்த்தே செய்யத் திணறும் இந்தப் பின்னலைப் பார்வையற்றவர்கள் பலர் விரல் தடவலிலேயே தொழிலாகச் செய்து வந்திருக்கிறார்கள். அரசு அலுவலக நாற்காலிகள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது அவர்கள் கைதான்.

## ஈசி சேரில் முதுகு கட்டையில் இடிக்கிறது

கித்தான் நீண்டுவிட்டது. கம்பை உருவி, ஒரு முனையில் இரண்டு அங்குலம் கூடுதலாக மடித்துத் தையுங்கள். கம்பு நுழையும் மடிப்பில் கிழிந்திருந்தாலும் இதே வேலைதான், இரட்டைத் தையல் போடுங்கள். புதுத்துணி தைப்பதானால் பாவு நூல் (தானின் நீளவாக்கில் ஓடுவது) தலையிலிருந்து காலுக்கு ஓடும்படி வெட்டுங்கள், ஊடை (குறுக்கு நூல்) அந்தத் திசையில் வந்தால் மறுபடி தொய்யும். கம்பில் விரிசல் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அது ஒடிந்தால் தாத்தா நேராகத் தரைக்கு வருவார்.

## நாற்றம் போகவில்லை

குழந்தை நனைத்தது புதிதென்றால் உறையைக் கழற்றி, ஃபோமில் தண்ணீர் விட்டு மிதித்துப் பிழிந்து, காற்றோட்டத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். முழுசாகக் காயச் சில நாள் ஆகலாம், அவசரப்பட்டு உறையை மாட்டினால் பூஞ்சை நாற்றம் கூடச் சேரும்.

வெள்ள நீர் புகுந்தது என்றால் பாவம் பார்க்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ வீட்டு வாசல்களில் சோபாக்கள் கிடந்தன. சாக்கடை கலந்த நீர் குடித்த ஃபோமைக் கழுவித் தேற்ற முடியாது. துகள் பலகையும் ஊதி உதிரும். தேக்குச் சட்டம் மட்டும் தப்பும், கழுவி நிழலில் உலர்த்தி அதில் எல்லாவற்றையும் புதிதாக அடிக்கலாம்.

## அடியில் மாவு கொட்டுகிறது, அல்லது உட்கார்ந்தால் கடிக்கிறது

மாவு என்றால் உளுப்பு, மரத்தைத் துளைக்கும் பூச்சியின் வேலை. பழைய மாவா, புதிதாக விழுவதா என்று தெரிய, துடைத்துவிட்டுக் கறுப்புத் தாளை அடியில் விரித்து ஒரு வாரம் பாருங்கள். விழவில்லை என்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது, துளையை அடைத்துவிடலாம். விழுந்தால் அந்த மரத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மேலோடு மட்டும் என்றால் மருந்து, திருப்புளி உள்ளே போனால் தச்சர். மண் கோடு தெரிந்தால் கறையான். அது நாற்காலியோடு நிற்காது, சுவரையும் கதவு நிலையையும் பாருங்கள்.

கடி என்றால் தையலோரத்துப் பைப்பிங்கை (கயிறு போலத் தடித்த ஓரம்) விரலால் விலக்கி டார்ச் அடியுங்கள். மிளகுப்பொடி தூவினது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. இந்த நிலையில் சோபாவைப் பிரிக்கவே கூடாது, வீடு முழுக்கப் பரவும். மண்ணெண்ணெய் ஊற்றவும் கூடாது, ஃபோம் தீயை உடனே பிடிக்கும். வெயிலில் போட்டால் மேலே இருப்பவை சாகலாம், ஆழத்தில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டு, இரண்டாவது தடவையும் வரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், முட்டைகள் முதல் மருந்துக்குத் தப்பிவிடும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் துணிக்கடை. அதுவரைக்கும் ஹாலில் பாய்தான்.